எண்பத்திரண்டில் நின்ற மட்டம்

ஜூன் 6, திங்கள்

காலையில் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போதே வாசனை. பாமாயில் சூடாக இருக்கும்போது ஒரு வாசனை, மண்ணில் ஊறிய பிறகு வேறு ஒன்று. நேற்று மதியம் நான்காம் டேங்க் நிரம்பி வழிந்திருக்கிறது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலிலிருந்து குழாய் வழியாக வந்துகொண்டிருந்த எண்ணெய். டேங்கைச் சுற்றியுள்ள கட்டுச்சுவருக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும். சுவரில் பழைய விரிசல் ஒன்று இருந்திருக்கிறது. அது வழியாக வெளியேறி, பக்கத்து உப்பளத்து வாய்க்காலில் இறங்கிவிட்டது.

கன்ட்ரோல் ரூமில் இருந்தவர் ஆபரேட்டர் பால்வண்ணம். அதிகம் பேசாத மனிதர், நெற்றியில் எப்போதும் திருநீறு. அவரை நேற்றே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். திரையில் மட்டம் எண்பத்திரண்டு சதவீதம்தான் காட்டியது, தொண்ணூறில் அடிக்க வேண்டிய அலாரம் அடிக்கவே இல்லை என்கிறாராம். பிளாண்ட் மேனேஜர் உமாபதி சார் நம்பவில்லை. கருவிகளைப் பராமரிக்கிற இன்ஜினியர் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டார். "டிரான்ஸ்மிட்டரைக் கழட்டிச் சோதிச்சு நாளைக்குள்ள சொல்லுங்க பியூலா."

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். இவரும் இதே கம்பெனிதான், புதிய கருவிகளை வாங்கிப் பொருத்துகிற புராஜெக்ட்ஸ் பிரிவு. நேற்று நாசரேத்தில் இவர் அம்மா வீட்டில் இருந்தோம், அதனால் இரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது.

"எத்தனைல நின்னுச்சாம்?" என்றார்.

"எண்பத்திரண்டாம்."

தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவிவிட்டார். சாளை மீன் குழம்பு, இவருக்குப் பிடித்ததுதான். கேன்டீன் புரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஜூன் 7, செவ்வாய்

டேங்கின் அடியிலிருந்து டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து, டெக்னீசியன் மொகைதீனும் நானும் சோதித்தோம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய நீலப் பெட்டி. மேலே நிற்கும் எண்ணெயின் அழுத்தத்தை உணர்ந்து, அதற்கு ஏற்ற மின்னோட்டத்தை இரண்டு கம்பிகள் வழியாக கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும். டேங்க் காலி என்றால் நான்கு மில்லி ஆம்பியர், நிறைந்தால் இருபது. திரையில் தெரியும் சதவீதம் எல்லாம் இந்த நான்குக்கும் இருபதுக்கும் நடுவில் இருக்கிற கணக்குதான். காலிக்கு ஏன் சுழியம் வைக்காமல் நான்கு வைத்தார்கள் என்று சேர்ந்த புதிதில் எல்லாரும் கேட்பார்கள். கம்பி அறுந்துபோனாலும் சுழியம், டேங்க் காலியானாலும் சுழியம் என்றால் எது எதுவென்று எப்படித் தெரியும்?

காலி, கால், அரை, முக்கால், முழுசு என்று ஐந்து இடத்திலும் அழுத்தம் கொடுத்துப் பார்த்தோம். ஐந்திலும் பிசகில்லை.

'கருவி சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உமாபதி சார் படித்துவிட்டு, "கருவி சரின்னா ஆள் சரியில்லைன்னு அர்த்தம்" என்றார். நான் அப்படி எழுதவில்லை.

ஜூன் 8, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. நான் எழுவதற்குள் இருந்த தண்ணீரில் இவர் எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்திருந்தார். கல்யாணமான நான்கு வருஷத்தில் முதல் தடவை.

ஜூன் 9, வியாழன்

கம்பெனியிலிருந்து உப்பளத்தைப் பார்க்கப் போனோம். வாய்க்காலை ஒட்டிய பாத்திகளில் எண்ணெய் ஆடை படர்ந்து உறைந்து கிடக்கிறது, மஞ்சளாக. உப்பு வாருகிற பெண்கள் பலகையை நட்டுவைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில், நல்ல மேல்காற்று, உப்பு விளைகிற காலம். கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் காலம் இல்லை.

"உங்க ஆளு தூங்கிட்டானாமே?" என்று ஒரு அம்மா கேட்டார்.

அதற்குள் அங்கேயும் போய்விட்டது பேச்சு. விசாரணை நடக்கிறது என்றேன். "தூங்குனவன் ஒருத்தன், கஞ்சி இல்லாம கெடக்கது நாங்க பத்துப் பேரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜூன் 11, சனி

பால்வண்ணம் மெமோ வாங்க வந்தார். அவரை உள்ளே விடவில்லை, செக்யூரிட்டி அறையிலேயே கொடுத்தார்கள். நான் வெளியே வரும்போது வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். சட்டைப்பையில் மெமோ நான்காக மடிந்து துருத்திக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு நிமிசம். நான் தூங்கல."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"யாரு சொன்னான்னு தெரியல, ஊரெல்லாம் சொல்லுதாவ. டேங்க் மேல ஏறிக் கோல் விட்டு மட்டம் பாக்கல, அது என் தப்புதான். அரை மணிக்கு ஒருக்க பாக்கணும்னு ரூல் இருக்கு. இந்தக் காத்துல யாரும் ஏறுறதில்ல மேடம், திரையைத்தான் நம்புவோம். ஆனா நான் திரையைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எழுவது, எழுவத்தஞ்சு, எம்பதுன்னு ஏறி வந்துச்சு. எம்பத்திரண்டுல நின்னுட்டு. கப்பல்ல பம்பை நிறுத்திட்டாவளோன்னு நினைச்சேன். போன் போட்டுக் கேக்கதுக்குள்ள மேல இருந்து ஊத்துது."

"நின்னப்போ நம்பர் கொஞ்சமாவது ஆடுச்சா?"

யோசித்தார். "ஆடல மேடம். கோடு போட்ட மாதிரி நின்னுச்சு."

விசாரணை இருபதாம் தேதி. வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று யூனியனில் சொன்னார்களாம். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

ஜூன் 12, ஞாயிறு

சர்ச். பிரசங்கத்தின்போது இவர் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

திரும்பி வரும்போது பைக்கில் முன்பக்கம் பார்த்தபடியே கேட்டார். "கன்ட்ரோல் ரூம்ல அந்த நாலாம் டேங்க் லூப்புக்கு சப்ளை இருபத்து நாலு வோல்ட்தானே?"

"ஆமா. ஏன்?"

"சும்மா."

புழுக்கம் தாங்கவில்லை. ஆட்டுக்கறி எடுத்து சமைத்தேன். இரண்டு பேருக்கு அரைக்கிலோ அதிகம்.

ஜூன் 14, செவ்வாய்

அத்தை போன் செய்தார்கள். காக்கிநாடாவில் நம் ஆட்கள் சர்ச் இருக்கிறதா, அரிசி நம்ம அரிசி கிடைக்குமா என்று. கம்பெனி அங்கே புதிதாகக் கட்டுகிற பிளாண்ட்டுக்கு இவரைத் தலைமையாக அனுப்புவதாகப் பேச்சு. ஆகஸ்டில் கிளம்ப வேண்டியிருக்கும். "எம் மகன் கஷ்டப்பட்டதுக்கு ஆண்டவர் கண்ணைத் திறந்துட்டாரு" என்றார்கள். ஆமாம் அத்தை என்றேன்.

துணிகளுக்கு இஸ்திரி போட்டேன். இவர் சட்டைகள் எல்லாம் ஒரே நீலத்தில் இருப்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ஜூன் 15, புதன்

எழுத ஒன்றும் இல்லை. காற்று.

ஜூன் 16, வியாழன்

எழுத வேண்டும்.

எண்ணெய் விழுந்துகொண்டிருக்கும் டேங்கில் மட்டம் ஒருபோதும் அசையாமல் நிற்காது. அலையடிக்கும், கடைசி இலக்கம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் ஆடித்தான் அடங்கும். கோடு போட்டது போல நிற்கிறதென்றால் அது எண்ணெயின் மட்டமே இல்லை. மின்னோட்டம் அதற்கு மேல் போக முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. இது எனக்கு சனிக்கிழமையே தோன்றியிருக்க வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரை மறுபடி அதன் இடத்தில் மாட்டியிருந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் சோதித்தபோது அது தனியாக இருந்தது. இங்கே அது லூப்பில் இருக்கிறது. சப்ளையிலிருந்து கிளம்பும் ஒரே மின்னோட்டம் டிரான்ஸ்மிட்டர் வழியாக வந்து, கன்ட்ரோல் ரூமில் வரிசையாக இருக்கிற ஒவ்வொரு கருவிக்குள்ளும் புகுந்து திரும்புகிறது. ஒவ்வொன்றும் இருபத்து நாலு வோல்ட்டில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மின்னோட்டம் கூடக் கூட அந்தப் பங்கும் கூடும். கடைசியில் டிரான்ஸ்மிட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட்டாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அது என்னதான் முயன்றாலும் இருபதுக்கு ஏறாது. கருவியோடு வரும் கையேட்டில் இதற்கென்று ஒரு சாய்கோடு வரைந்திருக்கும், இத்தனை வோல்ட்டுக்கு இத்தனை ஓம் மின்தடை வரைதான் தாங்கும் என்று. பரீட்சைக்குப் படித்ததோடு சரி, அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

மொகைதீனைக் கூட்டிக்கொண்டு டேங்கடிக்குப் போனேன். கையில் வைத்து இயக்கும் கருவியால் டிரான்ஸ்மிட்டரை நான்கு அனுப்பச் சொன்னேன். மீட்டரில் நான்கு. எட்டு, எட்டு. பன்னிரண்டு, பன்னிரண்டு. பதினாறு, பதினாறு. இருபது அனுப்பச் சொன்னேன். பதினேழு புள்ளி இரண்டு.

இன்னொரு முறை. பதினேழு புள்ளி இரண்டு. சதவீதக் கணக்கில் எண்பத்திரண்டு.

மொகைதீன் ஓம் மீட்டரைக் கொண்டுபோய் கன்ட்ரோல் ரூமில் லோடை, அதாவது மொத்த மின்தடையை, கூட்டிப் பார்த்தார். அறுநூறு வரை தாங்கும் லூப்பில் அறுநூற்றுத் தொண்ணூறு. ஏப்ரல் வரை நானூற்று நாற்பதுதான். மே மாதம் கஸ்டம்ஸ்காரர்களுக்காக, மட்டத்தைப் பதிவு செய்ய ஒரு ரெக்கார்டர் சேர்த்தார்கள். அது மட்டும் இருநூற்று ஐம்பது.

"மேடம், இந்த ரெக்கார்டரை..." என்று மொகைதீன் ஆரம்பித்தார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"புராஜெக்ட்ஸ் பிரிவு பொருத்துனது" என்றேன்.

"ஆமா மேடம்" என்று சொல்லிவிட்டு அவரும் சுருட்ட ஆரம்பித்தார்.

ஜூன் 17, வெள்ளி

அறிக்கை எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. லோடு அதிகமானதால் மின்னோட்டம் 17.2க்கு மேல் ஏறவில்லை, எனவே திரை எண்பத்திரண்டில் நின்றது, எனவே அலாரம் அடிக்க வாய்ப்பில்லை. 'பொருத்தப்பட்டது', 'சோதிக்கப்படவில்லை' என்று எல்லாமே யாரும் செய்யாமல் தானாக நடந்ததுபோல வந்திருக்கிறது. தொழில்நுட்ப அறிக்கை இப்படித்தான் எழுத வேண்டும்.

காஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு சிலிண்டர்.

ஜூன் 18, சனி

காபியோடு அறிக்கையை இவர் முன்னால் வைத்தேன். மெதுவாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"என் பேரு இல்லையே."

"யார் பொருத்துனாங்கன்னு என்னைக் கேக்கல. ஏன் நின்னுச்சுன்னுதான் கேட்டாங்க."

"கேப்பாங்க."

"கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

அறிக்கையை மடிக்காமல் அப்படியே மேசையில் வைத்தார். "பால்வண்ணத்தை விட்டுருவாங்களா இதை வச்சு?"

"தெரியல. கோல் விட்டுப் பாக்கலைன்னு பிடிச்சுக்குவாங்க. மட்டம் நின்னதைக் கவனிச்சு உடனே கேட்டிருக்கணும்னு சொல்வாங்க. அறிக்கையில ஆள் இல்லைன்னா, இருக்கிற ஆள் மேலதான் போடுவாங்க."

இதைச் சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே விளங்கியது. இவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவினார்.

"காக்கிநாடா போக முடியாது" என்றார் அடுப்படியிலிருந்து.

"போகாட்டி என்ன. அங்க அரிசி நல்லா இருக்காதுன்னு அத்தை சொன்னாங்க."

அத்தை அப்படிச் சொல்லவில்லை.

ஜூன் 20, திங்கள்

விசாரணை. மாநாட்டு அறையில் உமாபதி சார், பர்சனல் மேனேஜர், யூனியனிலிருந்து ஒருவர், பால்வண்ணம், சாட்சியாக நான். பால்வண்ணம் வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார், யாரோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல.

நான் அறிக்கையை வாசித்தேன். உமாபதி சார் கவனமாகக் கேட்டார். கெட்டவர் இல்லை, உப்பளக்காரருக்கும் மேலிடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். "இதைப் பொருத்தினப்போ முழுசா சோதிச்சாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு இவர் உள்ளே வந்தார். வருவதாக என்னிடம் சொல்லவில்லை.

"நான்தான் சார் பொருத்தினேன். அன்னைக்கு டேங்க்ல பாதி எண்ணெய் இருந்துச்சு. ரீடிங் சரியா காட்டுச்சு, அதோட விட்டுட்டேன். இருபது வரைக்கும் ஏத்திப் பாக்கல. மொத்த லோடு எவ்வளவுன்னு கூட்டியும் பாக்கல. ரெண்டும் என் வேலை."

"உங்களுக்கு இது எப்ப தெரிஞ்சுது, ஜெபசிங்?"

"எண்பத்திரண்டுல நின்னுச்சுன்னு கேட்ட அன்னைக்கே சந்தேகம் வந்துட்டு சார்."

பால்வண்ணம் அப்போதுதான் தலையைத் திருப்பி இவரைப் பார்த்தார். நான் அறிக்கையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உமாபதி சார் பேனாவை மூடினார். "சரி. கருவிக் குறைபாடுன்னு போட்டு முடிச்சிருவோம். யாருக்கும் பாதிப்பு வேண்டாம்."

"கருவியில குறை இல்ல சார். அது கடைசி வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு. அப்படிப் போட்டா நாளைக்கு இதையே மாத்தி வேற ஒண்ணை வாங்கி மாட்டுவாங்க. அதுவும் எண்பத்திரண்டுல நிக்கும்" என்றேன்.

ஜூன் 23, வியாழன்

முடிவு வந்தது. பால்வண்ணத்தின் சஸ்பென்ஷன் ரத்து. கோல் விட்டுப் பார்க்காததற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. இவருக்கும் ஒரு மெமோ. காக்கிநாடாவுக்கு வேறொருவர். உப்பளத்துக்குக் கம்பெனி நஷ்டஈடு தருகிறது, பாத்திகளைச் சுரண்டிப் புது மண் போட ஆட்களும் அனுப்புகிறது.

அத்தையிடம் யார் சொல்வது என்று பேசவில்லை. இவர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லம்மா, யாரும் கெடுக்கல" என்பது மட்டும் கேட்டது.

ஜூன் 25, சனி

பால்வண்ணம் வேலைக்கு வந்துவிட்டார். மதியம் கேன்டீனில் நானும் இவரும் இருந்த மேசைக்கு நேராக வந்தார். உட்காரவில்லை.

"மேடம், நீங்கதான் கண்டுபிடிச்சதுன்னு மொகைதீன் சொன்னாவ. எம் பொண்டாட்டி உங்களுக்கு ஒரு நன்றி சொல்லச் சொன்னா."

பரவாயில்லை என்றோ என்னவோ சொன்னேன்.

பிறகு இவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அங்க வந்து சொன்னது பெரிய காரியம்னு எல்லாரும் சொல்லுதாவ. ஆனா சந்தேகம் வந்த அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எம் மவ கேட்டா சார், 'தூங்கிட்டீங்களாப்பா'ன்னு. ஊர்ல யாரு கேட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல. அவ கேட்டா. உங்களுக்கும் நன்றி சொல்லணும். எனக்கு வரல."

"வர வேண்டாம் அண்ணாச்சி" என்றார் இவர்.

பால்வண்ணம் தலையசைத்துவிட்டுத் தன் தட்டை எடுக்கப் போனார். எங்கள் டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

ஜூன் 26, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். காற்றில் போர்வையை இரண்டு பேர் பிடித்தால்தான் கொடியில் நிற்கும்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றார்.

"பதினாறாம் தேதி. சோதிச்சப்போ."

கிளிப்பைப் போட்டேன். அடுத்த கிளிப்பையும் போட்டேன்.

"நீங்க சோத்தை வச்சுட்டு எந்திரிச்சீங்கள்ல" என்றேன். "அன்னைக்கு."

"ம்."

மதியத்துக்கு சாம்பார் வைத்தேன். இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 1, வெள்ளி

லூப்பைச் சரிசெய்தாயிற்று. ரெக்கார்டருக்கு, லூப்பிலிருந்து அதைப் பிரித்து வைக்கும் ஒரு ஐசொலேட்டரும் அதற்கென்றே சப்ளையும். இனி அது லூப்பிலிருந்து எடுத்துக்கொள்வது ஐம்பது ஓம்தான். நான், மொகைதீன், இவர் மூன்று பேரும் நின்று இருபது வரை ஏற்றிப் பார்த்தோம். இருபது, இருபது. மற்ற ஐந்து டேங்க் லூப்புகளையும் இப்படிப் பார்க்க வேண்டும் என்று இவரே உமாபதி சாரிடம் எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறார். இரண்டாம் டேங்க்கும் தொண்ணூற்று மூன்றில் நின்றது. அதை இவர் பொருத்தவில்லை. யார் என்று இவர் கேட்கவும் இல்லை.

ஜூலை 9, சனி

இன்று கப்பல். நான்காம் டேங்க் மறுபடி முழுதாக நிரம்புகிற முதல் நாள். எனக்கு விடுமுறை, இவருக்கும். உப்பளத்தில் மூன்று பாத்திகளில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று காலையில் பால்காரர் சொன்னார்.

மாலையில் இவருடைய போன் அடித்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"சார், பால்வண்ணம் பேசுதேன். கன்ட்ரோல் ரூம்ல இருந்து."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"தொண்ணூறுல அலாரம் வந்துட்டு. பம்பை நிறுத்தச் சொல்லியாச்சு. கோல் விட்டும் பாக்கணும், மேல ஏறப் போறேன். காத்து பலமா இருக்கு. கூட ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்."

ஷிப்டில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். இவருக்கும் அது தெரியும்.

"பத்து நிமிஷத்துல வாரேன்" என்றார்.

பால்வண்ணம் போனை வைத்துவிட்டார். இவர் ஹெல்மெட்டைத் தேடினார். அலமாரிக்கு மேலே இருக்கிறது என்றேன். பைக் கிளம்பிப் போகும் சத்தம் முக்குத் திரும்பும் வரை கேட்டது. நான் கீரையை அலசிவிட்டு, அரிசியை இன்னும் அரை மணி கழித்துப் போடலாம் என்று ஊறவைத்தேன்.